கேட் அசெம்பிளியில் பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்துவது: ஒரு நெல் தூற்றும் மெஷினை வைத்து

கேட் (CAD) என்பது கணினியில் பாகங்களைக் கீறும் முறை, கீறிய பாகங்களை ஒரு மெஷினாகச் சேர்த்து வைப்பது அசெம்பிளி. அசெம்பிளியில் ஒரு பாகம் சரியான இடத்தில் இருப்பதுபோலத் தெரிவது வேறு, அது அங்கே நிற்பதற்குக் காரணம் இருப்பது வேறு. மவுஸால் இழுத்துக் கண்ணளவில் பொருத்திய பிளமர் புளொக் (ஷாஃப்டைத் தாங்கும் பெயாரிங் கூடு), ஃப்ரேமின் உயரத்தை 50 மி.மீ. கூட்டிய உடனே அந்தரத்தில் தொங்கும். மேட், ஜொயின்ட், கன்ஸ்ட்ரெயின்ட் என்று மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும். எல்லாவற்றிலும் நாம் சொல்லிவைப்பது ஒன்றைத்தான்: இந்தப் பாகம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? ஒவ்வொரு அசைவுக்கும் அந்தப் பிடி ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். பிடி இல்லாத பாகம் நழுவும். ஒரே அசைவை இரண்டு பிடிகள் பிடித்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் அளவு மாறும் நாளில் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும்.

வெறும் சதுரக் கட்டைகளை வைத்துச் சொன்னால் இது மண்டையில் ஏறாது. வேளாண்மைக்காரருக்குப் பழக்கமான நெல் தூற்றும் மெஷினையே எடுத்துக்கொள்வோம். 50×50×6 ஆங்கிள் அயனில் ஒரு ஃப்ரேம். மேலே 25 மி.மீ. ஷாஃப்ட், நீளம் 700. அதைத் தாங்க யூசிபி 205 பிளமர் புளொக் இரண்டு, மையத்துக்கு மையம் 500. நடுவில் நான்கு தகடு விசிறி. ஷாஃப்டின் ஒரு முனையில் 150 மி.மீ. புல்லி, கீழே 90எல் சட்ட அளவு மோட்டர், அதில் 75 மி.மீ. புல்லி. 1440 சுற்று மோட்டர் என்றால் விசிறி 720 சுற்றில் ஓடும். படிகளை சொலிட்வேர்க்ஸ் என்ற கேட் மென்பொருளை மனதில் வைத்து எழுதுகிறோம். இலவச மென்பொருளான ஃப்ரீகேட் காரருக்குத் தனியாகப் பின்னால் வருகிறது.

அசெம்பிளியைத் திறக்குமுன்

பாதிப் பிழை பாகத்தைக் கீறும்போதே நடந்துவிடுகிறது. ஒவ்வொரு பாகத்திலும் மூலப்புள்ளியை எங்கே வைக்கிறீர்கள் என்று யோசித்து வையுங்கள். ஃப்ரேமுக்குத் தரைமட்டத்தில், நீளத்துக்கும் அகலத்துக்கும் நடுவில். ஷாஃப்டுக்கு அச்சின் மேல், இரண்டு பெயாரிங்குக்கும் நடுப்புள்ளியில். புல்லிக்கு அச்சின் மேல், பெல்ட் ஓடும் பள்ளத்தின் நடுத்தளத்தில். இப்படிச் செய்தால் முன், மேல், பக்கம் என்ற மூன்று அடிப்படைத் தளங்களும் பின்னர் மேட் கொடுக்கும் இடங்களாகிவிடும். தளத்துக்கு அழிவில்லை. விளிம்பும் முகமும் அப்படியல்ல. ஒரு ஃபில்லட் (விளிம்பை வளைவாக்குவது) போட்டால் விளிம்பு போய்விடும், அதைப் பிடித்திருந்த மேட்டும் சேர்ந்து போகும்.

ஃப்ரேமின் ஆங்கிள் துண்டுகளைத் தனித்தனிப் பாகமாக்கி அசெம்பிளியில் ஒட்டாதீர்கள். வெல்டிங் பிடித்த பிறகு அது ஒரே இரும்பு. வெல்ட்மென்ட் வசதியைக் கொண்டு ஒரே பாகமாகவே கீறுங்கள். பதினான்கு துண்டுக்கு நாற்பது மேட் போட்டு, ஒன்று சிவந்ததும் எது காரணம் என்று தேடும் வேலை மிச்சம். வெட்டு நீளங்களின் பட்டியலையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

பெயாரிங், மோட்டர் மாதிரிகளை இணையத்திலிருந்து இறக்குபவர்கள் ஸ்டெப் வகை பைலை எடுங்கள். அதில் அளவின் அலகும் சேர்ந்தே வரும். எஸ்டிஎல் பைலில் அலகு கிடையாது. அங்குலத்தில் செய்ததை மி.மீ. என்று நினைத்துத் திறந்தால் பெயாரிங் 25.4 மடங்கு சிறுத்து, மணல் துகளைப்போல எங்கோ கிடக்கும். இறக்கியதும் முதல் வேலையாக ஓட்டையின் விட்டத்தை அளந்து பாருங்கள். 25 வந்தால் மேலே போகலாம்.

முதல் பாகம்

முதலில் உள்ளே வரவேண்டியது ஃப்ரேம். சொலிட்வேர்க்ஸில் முதல் பாகம் தானாகவே அசையாமல் நிற்கும், பெயருக்கு முன்னால் எஃப் எழுத்து தெரியும். அது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. திரையில் ஏதோ ஓரிடத்தில் கிளிக் பண்ணிவிட்டால் அந்த இடத்திலேயே ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும், அசெம்பிளியின் தளங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. திரையைத் தொடாமல் பச்சைச் சரி அடையாளத்தை மட்டும் அழுத்துங்கள். ஃப்ரேமின் மூலப்புள்ளி அசெம்பிளியின் மூலப்புள்ளியில் போய் உட்காரும், தளங்களும் ஒத்துவரும். தவறிப்போய்க் கிளிக் பண்ணியிருந்தால் ஃப்ளோட் கொடுத்து விடுவித்து, மூன்று தளங்களையும் மூன்று கோயின்சிடென்ட் (ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்) மேட்டால் பொருத்துங்கள்.

மற்ற எந்தப் பாகத்துக்கும் இந்த ஃபிக்ஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டாம். அவசரத்துக்கு எல்லாவற்றையும் ஃபிக்ஸ் பண்ணிவிட்டு "அசெம்பிளி முடிந்தது" என்று கொடுப்பவர்கள் உண்டு. படம் எடுக்க அது போதும், அளவை மாற்றினால் மெஷின் கலைந்துவிடும்.

பிளமர் புளொக்: ஆறு அசைவுகளின் கணக்கு

சும்மா விட்ட பாகத்துக்கு ஆறு அசைவு உண்டு: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுழலலாம். தட்டை முகத்தோடு தட்டை முகத்தைச் சேர்த்தால் மூன்று போகும். உருளையோடு உருளையை கொன்சென்ட்ரிக் (ஒரே அச்சில்) பண்ணினால் நான்கு போகும், மிஞ்சுவது அச்சோடு வழுக்குவதும் அச்சைச் சுற்றுவதும். இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் போதும், பெரும்பாலான சிவப்பு எச்சரிக்கைக்கு விடை கிடைத்துவிடும்.

எல்லோரும் செய்வது என்ன? புளொக்கின் அடிமுகத்தை ஆங்கிளின் மேல்முகத்தோடு சேர்ப்பார்கள், மூன்று போனது. ஒரு போல்ட் ஓட்டையை ஃப்ரேமின் ஓட்டையோடு கொன்சென்ட்ரிக் பண்ணுவார்கள், இன்னும் இரண்டு போனது. மிச்சம் ஒரே ஒரு சுழற்சி. அதை நிறுத்த இரண்டாவது ஓட்டையையும் கொன்சென்ட்ரிக் பண்ணுவார்கள். இங்கேதான் வில்லங்கம். தேவைப்பட்டது ஒரு சுழற்சியை நிறுத்துவது மட்டும். அந்த மேட்டோ இரண்டு ஓட்டைக்கும் இடையிலான தூரமும் சமமாக இருக்கவேண்டும் என்று கேட்கிறது. யூசிபி 205இன் ஓட்டை இடைவெளி 105. ஃப்ரேமிலும் 105 இருக்கும்வரை மென்பொருள் வாய் திறக்காது. யாரோ ஃப்ரேமில் 104 என்று மாற்றியதும் அசெம்பிளி முழுக்கச் சிவந்துவிடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பிளமர் புளொக்கில் இருப்பது வட்ட ஓட்டை அல்ல, ஷாஃப்டைச் சீராக்க இடம் விட்ட நீள்துளை. அதன் இரு முனையும் அரை உருளை. சுட்டியை அங்கே கொண்டுபோனால் மென்பொருள் அந்த அரை உருளையைப் பிடித்துக்கொள்ளும், கொன்சென்ட்ரிக்கும் ஒழுங்காக வேலை செய்யும், புளொக் மட்டும் சில மி.மீ. தள்ளி உட்காரும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது புளொக்கை எதிர்முனையில் பிடித்துவிட்டால் ஷாஃப்ட் கோணலாகும், அப்போதுதான் தெரியவரும்.

அதனால் புளொக்கை ஓட்டையால் நிறுத்தாதீர்கள், தளத்தால் நிறுத்துங்கள். அடிமுகம் ஆங்கிளின் மேல்முகத்தில்: மூன்று. இரண்டு போல்டுக்கும் நடுவே ஷாஃப்ட் அச்சைக் கொண்ட புளொக்கின் நடுத்தளம், ஃப்ரேமின் ஷாஃப்ட் தளத்தில்: இரண்டு. ஷாஃப்டுக்குச் செங்குத்தான நடுத்தளம், ஃப்ரேமின் நடுத்தளத்திலிருந்து 250 மி.மீ. தூரத்தில்: ஒன்று. கூட்டினால் ஆறு. ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை. போல்ட்களை ஃப்ரேமின் 11 மி.மீ. ஓட்டைகளோடு கொன்சென்ட்ரிக் பண்ணுங்கள். நீள்துளை தன் பாட்டில் இருக்கட்டும்.

அந்த 250ஐ அளக்க உள்வளையத்தின் முகத்தை எடுக்காதீர்கள். யூசி 205 உள்வளையம் 34 மி.மீ. அகலம், ஆனால் புளொக்கின் நடுவிலிருந்து ஒரு பக்கம் 14.3 மட்டும்தான், செட் ஸ்க்ரூ இருக்கும் பக்கம் மிச்சம் முழுவதும். வளையத்தின் நடுவை எடுத்தால் கிட்டத்தட்ட 3 மி.மீ. பிழைக்கும். செட் ஸ்க்ரூ பக்கம் வெளியே பார்க்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே திரும்பியிருந்தால் அலன் கீ போட விசிறியைக் கழற்ற வேண்டிவரும்.

இரண்டாவது புளொக்கைக் கண்ணாடிப் பிரதியாக எடுக்கலாம். ஆனால் மிரர் கட்டளை கேட்கும் இடத்தில், அதே பாகத்தைத் திருப்பி வைக்கும் தெரிவை எடுங்கள். எதிர்க்கை வடிவத்தைத் தெரிந்தால் புதிதாக ஒரு 'இடது' பெயாரிங் உருவாகிப் பாகப்பட்டியலில் ஏறிவிடும். அப்படி ஒன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆங்கிளை எந்தப் பக்கம் கவிழ்க்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். புளொக்கின் அடி 38 மி.மீ. அகலம். ஆங்கிளின் நிற்கும் கால் மேலே பார்த்தால், உட்பக்கத் தட்டை 50இல் 6 தடிப்பும் 7 உள்வளைவும் கழித்து 37தான் மிஞ்சும். அசெம்பிளியில் உள்வளைவு இல்லாமல் சதுர மூலையாகக் கீறியிருந்தால் புளொக் அழகாக உட்காரும். பட்டறையில் ஒரு ஓரம் வளைவில் ஏறி ஆடும். காலைக் கீழே பார்க்க வைத்தால் மேலே முழு 50உம் தட்டை. கீழே நட் வரும் பக்கத்தில் ஓட்டையின் மையம் மூலையிலிருந்து 25இல் இருந்தால் 20 மி.மீ. வொஷர் வளைவைத் தொடாது. 20க்குக் கொண்டுவந்தால் தொடும். ஆங்கிளின் உள்வளைவைக் கீறாமல் விடுவது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும், செய்யாதீர்கள்.

ஷாஃப்டும் அதில் ஏறுபவையும்

ஷாஃப்டை ஒரு பெயாரிங்கோடு மட்டும் கொன்சென்ட்ரிக் பண்ணுங்கள். இரண்டாவதோடும் பண்ணத் தேவையில்லை, அது ஏற்கனவே நேர்கோட்டில் நிற்கிறது. நிற்கிறதா என்று சோதிக்க விரும்பினால் மேட் போடாமல் இரண்டு அச்சுக்கும் இடைத்தூரத்தை அளவுக் கருவியால் பாருங்கள், சுழியம் வரவேண்டும். வராவிட்டால் இரு இருக்கைகளின் உயரம் வேறுபடுகிறது. உண்மையான புளொக்கில் பெயாரிங் பந்துபோல் ஓரளவு திரும்பிக்கொடுக்கும், திரையில் உள்ள உருளை திரும்பாது.

அடுத்து ஷாஃப்டின் நடுத்தளத்தை ஃப்ரேமின் நடுத்தளத்தில் வையுங்கள். சுழற்சியை விட்டுவிடுங்கள். ஷாஃப்டின் பெயருக்கு முன்னால் கழித்தல் அடையாளம் நிற்கும், அதைப் பார்த்து மனம் குழம்ப வேண்டாம். மெஷினில் சுழலும் பாகம் அசெம்பிளியிலும் சுழலத்தான் வேண்டும். கழித்தலே இருக்கக்கூடாது என்று ஷாஃப்டையும் பூட்டிவிட்டால், விசிறித் தகடு மூடியில் உரசுமா என்று சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

புல்லியை ஷாஃப்டோடு கொன்சென்ட்ரிக் பண்ணி, சுழற்சியைக் கீயால் (இரண்டுக்கும் இடையே செருகும் இரும்புக் கட்டையால்) பூட்டுங்கள். 22க்கு மேல் 30 வரையான ஷாஃப்டுக்கு நியமக் கீ 8×7. ஷாஃப்டில் 4 மி.மீ. ஆழம், புல்லியில் 3.3. கீயின் நடுத்தளம் ஷாஃப்ட் கீவேயின் (கீ உட்காரும் பள்ளத்தின்) நடுத்தளத்தில், புல்லியின் கீவே நடுத்தளமும் அதே தளத்தில். பக்கச் சுவர்களைச் சேர்த்தால் ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் இடைவெளி விழும். 90எல் மோட்டரின் ஷாஃப்ட் 24 மி.மீ., ஆகவே அங்கும் இதே கீதான்.

இரண்டு புல்லியும் ஒரே நேரில் நிற்க வேண்டும் என்றால் வெளிமுகத்தை வெளிமுகத்தோடு சேர்ப்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும். ஒன்று ஒற்றைப் பள்ளம், மற்றது இரட்டைப் பள்ளம் என்றால், அல்லது ஹப்பின் நீளம் வேறாக இருந்தால், பெல்ட் கோணலாக ஓடி ஓரம் தேயும். பள்ளத்தின் நடுத்தளத்தை நடுத்தளத்தோடு சேருங்கள். மூலப்புள்ளியை அங்கே வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மோட்டர்: கொஞ்சம் நகரட்டும்

90 சட்ட மோட்டரின் ஷாஃப்ட் மையம் அடியிலிருந்து 90 மி.மீ. உயரம், யூசிபி 205க்கு 36.5. மோட்டர் தட்டின் உயரத்தைத் தீர்மானிக்கும்போது இந்த 53.5 வித்தியாசம் கணக்கில் வரவேண்டும்.

மோட்டரின் அடியைத் தட்டில் சேருங்கள், மோட்டர் ஷாஃப்டை விசிறி ஷாஃப்டுக்குச் சமாந்தரமாக்குங்கள், புல்லியின் நடுத்தளத்தால் பக்கவாட்டை நிறுத்துங்கள். மிஞ்சுவது பெல்ட்டை இறுக்கும் நகர்வு மட்டும். அதை நிலையான தூரத்தால் பூட்டாமல் எல்லை மேட் கொடுங்கள்: சொலிட்வேர்க்ஸின் மேம்பட்ட மேட்களில் தூரத்துக்குக் குறைந்தபட்சமும் கூடியபட்சமும் வைக்கலாம். மையத்தூரம் 400 என்று எடுத்தால் பெல்ட் நீளம் ஏறக்குறைய 1157 மி.மீ. வரும். கடையில் அந்த நீளம் அப்படியே கிடைக்காது. ஏ வகை பெல்ட் அங்குலக் கணக்கில் வருகிறது, ஒரு நம்பர் மாறினால் மையத்தூரம் 13 மி.மீ. அளவில் மாறும். எனவே 375க்கும் 425க்கும் இடையில் விடுங்கள். பிறகு இரண்டு எல்லைக்கும் இழுத்துப் பாருங்கள்: உள்ளே தள்ளும்போது மோட்டர் ஃப்ரேம் காலில் முட்டுகிறதா, வெளியே இழுக்கும்போது தட்டின் நீள்துளை போதுமா, பெல்ட் மூடி இரண்டு நிலையிலும் சரியாக மூடுகிறதா. மூடியில்தான் பெரும்பாலும் பிடிபடும்.

சிவந்துவிட்டால்

மேட் பட்டியலில் சிவப்பாகத் தெரிவது எப்போதும் குற்றவாளி அல்ல, கடைசியாகச் சேர்ந்ததுதான் அகப்படும். அதை அழிக்குமுன் அதன் திசையை மாற்றிப் பாருங்கள். முகத்தோடு முகம் சேரும்போது எதிரெதிராகவும் சேரலாம், ஒரே பக்கம் பார்த்தும் சேரலாம். தலைகீழாகத் திரும்பிய போல்டும், ஆங்கிளுக்குள் புதைந்த புளொக்கும் இதனால்தான். திசை மாற்றியும் தீராவிட்டால் அந்தப் பாகத்தின் மேட்களை ஒவ்வொன்றாக சப்ரஸ் பண்ணுங்கள் (அழிக்காமல் தற்காலிகமாக நிறுத்துங்கள்). எதை நிறுத்தியதும் சிவப்பு போகிறதோ அதுவும் இன்னொன்றும் ஒரே அசைவுக்கு அடிபடுகின்றன. இரண்டில் எது பட்டறையில் உண்மையாகப் பாகத்தைப் பிடிக்கிறது என்று யோசித்து மற்றதை நீக்குங்கள்.

பாகத்தை இழுத்தால் அசையவில்லை, சிவப்பும் இல்லை என்றால் துணை அசெம்பிளிக்குள் இருக்கிறதா பாருங்கள். துணை அசெம்பிளி இயல்பாக ஒரே கட்டியாகத்தான் நடந்துகொள்ளும். உள்ளே சுழல வேண்டுமானால் அதை ஃப்ளெக்சிபிள் ஆக்க வேண்டும்.

ஃப்ரீகேட்டில்

உரிமம் வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படிப்பவர்களுக்கும் சரி, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் சரி, ஃப்ரீகேட் இப்போது நல்ல தெரிவு. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளிப் பகுதி உள்ளேயே இருக்கிறது. போக்கு மட்டும் வேறு. சொலிட்வேர்க்ஸில் அசைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறோம். இங்கே ஒரே ஜொயின்டில் எந்த அசைவு மிஞ்சும் என்று சொல்லிவிடுகிறோம். ஃப்ரேமை கிரவுண்ட் பண்ணுங்கள் (அசையாமல் நிறுத்துங்கள்). புளொக்குக்கு ஃபிக்ஸ்ட், ஷாஃப்டுக்கு ரெவலூட் (சுழற்சி மட்டும் மிஞ்சும்), மோட்டருக்கு எல்லையுடன் ஸ்லைடர் (ஒரு திசை நகர்வு மட்டும் மிஞ்சும்). புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் ஃபிக்ஸ்ட். மோட்டர் ஷாஃப்டைத் தனிப் பாகமாக்கி அதற்கும் ஒரு ரெவலூட் கொடுத்திருந்தால் பெல்ட் ஜொயின்டும் போடலாம், மோட்டர் ஷாஃப்டைச் சுற்றினால் விசிறி ஷாஃப்ட் அரை வேகத்தில் சுற்றும்.

இங்கே பிழைப்பது தெரிவில். ஒரு வட்ட விளிம்பைத் தொட்டால் அதன் மையமும் அச்சும் பிடிபடும், நேர்விளிம்பில் தொட்டால் வேறு புள்ளி. எந்த இடத்தில் சிறிய அச்சுக் குறி தோன்றுகிறது என்று பார்த்த பிறகே கிளிக் பண்ணுங்கள். பாகம் எதிர்ப்பக்கம் பார்த்தால் ரிவேர்ஸ் பட்டன் இருக்கிறது, தள்ளி நிற்க வேண்டுமென்றால் ஒஃப்செட். தனி பைலில் உள்ள பாகத்தைச் சேர்க்குமுன் அந்த பைலைச் சேமித்திருக்க வேண்டும்.

பட்டறைக்குக் கொடுக்குமுன்

இன்டர்ஃபியரன்ஸ் சோதனையை (பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது) ஓடவிடுங்கள். எம்10 மரை போட 8.5 மி.மீ. துளை இடப்பட்ட இடங்களில் எல்லாம் போல்ட் இரும்பைத் தின்பதாகக் காட்டும், அது மரைதான், ஒதுக்கிவிடலாம். மற்ற ஒவ்வொன்றையும் பாருங்கள். மோதல் இல்லை என்பதற்காகக் கழற்ற முடியும் என்று அர்த்தமில்லை. கடையில் கிடைக்கும் எம்10 நட்டுக்குப் பெரும்பாலும் 17 ஸ்பனர் போகும். நட்டைச் சுற்றி 25 மி.மீ. விட்டத்தில் ஒரு உருளையைத் தற்காலிகமாக வைத்து, சொக்கெட் நுழையுமா என்று பாருங்கள்.

பிறகு ஃப்ரேமின் உயரத்தை 50 கூட்டி, பெயாரிங் இடைத்தூரத்தை 500இலிருந்து 450 ஆக்கி ரீபில்ட் கொடுங்கள். எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் பிடிகள் சரி. ஏதாவது பின்தங்கினால் அந்தப் பாகத்தின் மேட்டை இப்போதே திருத்துங்கள்.

வரைபடத்தில் அளவு கொடுக்கும்போது, அசெம்பிளியில் நடுத்தளத்திலிருந்து வைத்தோம் என்பதற்காக நடுவிலிருந்து அளவு எழுதாதீர்கள். வெல்டிங் செய்கிறவர் டேப்பை ஒரு முனையில் மாட்டித்தான் அளப்பார். எல்லா ஓட்டைகளுக்கும் ஃப்ரேமின் ஒரே முனையிலிருந்து அளவு கொடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடராமல். ஒவ்வொன்றிலும் 1 மி.மீ. பிசகினால் ஐந்தாவது ஓட்டையில் 5 மி.மீ. சேர்ந்துவிடும். இரும்பு 2 அங்குலம் என்று வாங்கப்படுவதையும் மறக்காதீர்கள். படத்தில் 50, கையில் வருவது சிலவேளை 50.8. வாங்கிய இரும்பை வேர்னியரால் அளந்து அந்த அளவையே பாகத்தில் போடுங்கள். தளங்களில் மேட் கொடுத்திருந்தால் அந்த 0.8ஐ அசெம்பிளி தானே சமாளித்துக்கொள்ளும்.

பைலை இன்னொருவருக்கு அனுப்புவதானால் அசெம்பிளி பைலை மட்டும் வட்ஸ்அப்பில் போடாதீர்கள், அதற்குள் பாகங்கள் இருக்காது. பெக் அண்ட் கோ கொடுத்து எல்லாவற்றையும் ஒரே ஸிப் ஆக்கி அனுப்புங்கள். லேத் வேலைக்குப் போகும் ஷாஃப்டுக்கு மட்டும் தனியாக ஒரு பீடிஎஃப் வரைபடம் எடுத்து, கீவேயின் ஆழத்தையும் அது எந்த முனையிலிருந்து தொடங்குகிறது என்பதையும் அதில் எழுதிக் கொடுங்கள்.